தற்கூற்றா, தன்வேதனையா, வாக்குமூலமா? – ஒரு கலைச்சொல் இழை

உவர்மலையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

'செல்ஃப் ரிப்போர்ட்' (தன் நிலையைத் தானே சொல்வது) என்பதற்குத் தமிழ் கேட்டுத் தொடங்கிய இழை, கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதில் வந்து நிற்கிறது. நிற்கட்டும். நமக்கு இந்தச் சொல் தேவைப்பட்டதே அந்த இடத்தில்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு விளக்கம். திருகோணமலையில் நாங்கள் சிலர் ஞாயிறு பின்னேரங்களில் கூடி உளவியல், மெய்யியல் கட்டுரைகளைத் தமிழில் வாசிக்கிறோம். பாதிப் பேர் நாத்திகர். மிச்சப் பேர் கோணேசருக்கு விரதம் பிடிப்பவர்கள். தன்பாலீர்ப்புப் பற்றி வாசித்த அன்று, உயர்தரத்தில் அளவையியல் (தர்க்கம்) படிக்கும் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ஒரு பொடியன் வந்து, எனக்குப் பொடியன்களைத்தான் பிடிக்குது என்றால் மறுகேள்வி இல்லாமல் நம்புறீங்கள். எங்கட அம்மா, முருகன் வந்து பக்கத்தில நின்றவர் என்றால் மட்டும் ஆதாரம் எங்கே என்கிறீங்கள். இது என்ன நியாயம்?"

நாத்திகர் பக்கம் சத்தம் இல்லை. ஒருவர் மட்டும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அது வேறை, இது வேறை" என்றார். எது வேறு என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிள்ளை சிரித்தாள். அவள் சிரித்ததில் பிழையில்லை.

இனி உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> வாக்குமூலம் என்றே வைக்கலாமே? எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். வாக்குமூலம் என்றால் நம் ஊரில் பொலிஸ் நிலைய வாங்கு நினைவுக்கு வரும். தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ ஆகிய பிரிவுகள் இருக்கும் நாட்டில், தன் ஈர்ப்பைப் பற்றி ஒருவர் சொல்வதை வாக்குமூலம் என்று எழுதினால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறோம். அந்தச் சட்டத்தை நீக்குவது அரசியலமைப்புக்கு முரணாகாது என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது உண்மை. ஆனால் சொற்களில் ஏறிய கறை தீர்ப்பு வந்தவுடன் போய்விடாது.

> சாட்சியம்?

சாட்சி என்பவர் வெளியே நடந்ததைக் கண்டவர். அதோடு, செப சபைகளில் "சாட்சி சொல்லுதல்" என்பது ஏற்கெனவே வேறொரு பொருளில் ஊன்றிவிட்டது. நமக்கு வேண்டியது உள்ளே உணர்வதையும் வெளியே நடப்பதையும் பிரித்துக் காட்டும் சொல்.

> சுயஅறிக்கை. பாடக் குறிப்புகளில் இதுதான் இருக்கிறது.

இருக்கிறது. ஆனால் அறிக்கை என்றால் கடதாசி. "எனக்குத் தலையிடிக்குது" என்று சொல்வதை யாரும் அறிக்கை என்பதில்லை. அறிக்கை விடுவது அமைச்சர்களின் வேலை.

என் பரிந்துரை தற்கூற்று. தன் + கூற்று. தற்காப்பு, தற்புகழ்ச்சி போன்ற புணர்ச்சிதான். எடுகூற்று, முடிவுக்கூற்று என்று நம் அளவையியல் மாணவர்கள் கூற்றோடு பழகியவர்கள், எனவே அந்நியமாக இராது. வரைவிலக்கணம்: தன் உள்நிலையைப் பற்றி, அந்நிலையில் இருப்பவரே சொல்லும் கூற்று. வலி, ஆசை, அச்சம், நிம்மதி, ஈர்ப்பு எல்லாம் இதில் அடங்கும். இங்கே சொல்பவரைவிட நெருக்கமாக நின்று பார்க்கக்கூடியவர் வேறு யாருமில்லை. ஆஸ்பத்திரியில் "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்கிறார்கள். ஏழு என்றால் ஏழு என்று எழுதுகிறார்கள். அதை அளக்கும் கருவி இன்னும் வரவில்லை என்பதற்காக நோயாளியைப் பொய்யர் என்று அனுப்புவதில்லை.

"கண்ணால் கண்டதை மட்டும்தான் ஏற்பேன்" என்று இழையில் எழுதிய தோழருக்கு ஒன்று சொல்லவேண்டும். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் பூதவாதியும் (பூதங்களின் சேர்க்கையே எல்லாம் என்பவன்) இதையே சொல்கிறான். உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். நாத்திகம் என்பது பூதவாதம் அல்ல. கூற்றின் கனத்துக்கு ஏற்ற சான்று கேட்பதுதான் அது. 'எனக்கு இப்படி இருக்கிறது' என்பது இலேசான கூற்று, அதற்குச் சொன்னவரின் சொல்லே பெரும்பாலும் போதும். 'என்னைத் தாண்டி ஒருவர் இருக்கிறார், அவர் உலகை நடத்துகிறார்' என்பது வேறு எடை.

ஆகவே மாணவியின் அம்மாவை நாங்கள் நம்பாமல் இல்லை. அவர் சொன்னதில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக் கிடக்கின்றன. "பக்கத்தில் யாரோ நின்றதுபோல் இருந்தது, மனம் ஆறியது" என்பது தற்கூற்று. அதை முழுதாக ஏற்கிறோம். "நின்றவர் முருகன்" என்பது புறத்தைப் பற்றியது. இதே உணர்வு கிண்ணியாவில் வேறு மதத்தவர் ஒருவருக்கும் மூதூரில் ஒருவருக்கும் வரலாம். ஒவ்வொருவரும் வேறு பெயர் சொல்வார்கள். உணர்வு பொய்யாகாது, பெயரைத்தான் சரிபார்க்க வேண்டும்.

கூற்று புறத்துக்கு வந்தவுடன் சோதிக்கவும் முடிகிறது. 2006இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு பலருக்கு நினைவிருக்கும். இதய பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர். தமக்காகச் செபிக்கிறார்களா என்று தெரியாத இரு பிரிவினரில், செபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் செபிக்கப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. செபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மதத்துக்கு எதிரான நிறுவனம் அல்ல, டெம்பிள்டன் அறக்கட்டளை.

இதுவரை நாத்திகர் தலையாட்டியிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அதே கத்தி இந்தப் பக்கமும் வெட்டும். "நான் பிறவியிலேயே இப்படி" என்று அந்தப் பொடியன் சொன்னால் அது தற்கூற்று அல்ல. 'எனக்கு இந்த ஈர்ப்பு இருக்கிறது, நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது' என்பது வரைக்கும்தான் அவன் அதிகாரம். பிறவியா, கருவிலா, வளர்ப்பிலா என்பது காரணம் பற்றிய கேள்வி. அதைத் தன் உள்ளத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 2019இல் ஏறத்தாழ 4,77,000 பேரின் மரபணுத் தரவை வைத்துச் செய்த ஆய்வு, மரபணுத்தொகுதியில் இதனோடு தெளிவாகத் தொடர்புடைய ஐந்து இடங்களைக் கண்டது. சோதித்த மரபணு வேறுபாடுகள் எல்லாம் சேர்ந்தும், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 8 முதல் 25 சதவீதத்தைத்தான் விளக்கின. தனி ஒருவரின் ஈர்ப்பை இவற்றால் ஊகிக்க முடியாது என்றது. நம் பகுத்தறிவு நண்பர்கள் பலர் "மரபணுவிலேயே எழுதியிருக்கிறது" என்று மேடையில் முழங்குகிறார்கள். வசதியான முடிவு என்பதால் சான்றைத் தட்டிப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். பக்தரிடம் இதைத்தான் குறை சொல்கிறோம். ஒருவரை நிம்மதியாக வாழவிட அவர் ஈர்ப்பின் காரணம் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

இன்னொன்று. மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர் 1973இல் அமெரிக்க மனநோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்க முன்னின்றவர். அதே ஸ்பிட்சர் 2003இல், சிகிச்சையால் ஈர்ப்பு மாறியதாகச் சொன்ன 200 பேரைத் தொலைபேசியில் நேர்கண்டு, சிலரில் மாற்றம் உண்மையே என்று எழுதினார். 2012இல் அதைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார். அவர் ஒப்புக்கொண்ட குறை என்ன? மாறிவிட்டோம் என்று அவர்கள் சொன்னது நம்பத்தக்கதா என்று பார்க்க வழியே இல்லாமல் போனது. அதாவது தற்கூற்றும் வழுக்கும், முக்கியமாக அப்படிச் சொல்லும்படி சபையும் குடும்பமும் சுற்றி நிற்கும்போது. எனவே வரைவிலக்கணத்தில் 'பிழைபடாதது' என்ற சொல் வேண்டாம். 'முதற்சான்று' என்று போடுவோம்.

நன்றி.

---

நிலாவெளியிலிருந்து:

சேர், வாதம் பிடித்திருக்கிறது. சொல்தான் பயமுறுத்துகிறது. 'தற்கூற்று' என்று வாசித்தவுடன் கண் 'தற்கொலை'க்குப் போகிறது. போதாக்குறைக்குக் கூற்று என்றால் யமனும்தானே. மன உளைச்சலில் இருப்பவருக்குக் கொடுக்கும் வினாக்கொத்தின் தலைப்பில் இதைப் போடலாமா?

அகக்கூற்று, புறக்கூற்று என்று சோடியாக வைத்தால் என்ன? வித்தியாசம் சொல்லிலேயே தெரியும்.

நீங்கள் சொன்ன 2019 ஆய்வைப் பற்றி ஒரு சேர்க்கை. அதில் ஈர்ப்பை அளக்கவில்லை. ஒரே பாலினத்தவரோடு ஒருதடவையாவது உறவு கொண்டதுண்டா என்று பங்குபற்றியவர்களிடம் கேட்டு எழுதியதைத்தான் அளந்தார்கள். மரபணு ஆய்வு என்று பெயர், அடியில் கிடப்பது தற்கூற்று, அதுவும் செயலைப் பற்றியது. தமிழில் 'ஓரினச்சேர்க்கை' என்று எழுதுபவர்களும் இதே குழப்பத்தைத்தான் செய்கிறார்கள். சேர்க்கை செயல். ஈர்ப்பு செயலில்லாமலும் இருக்கும்.

---

கோணேசர் கோயிலடி அக்கா எழுதியது:

தம்பிமாருக்கு வணக்கம். புதுச்சொல் தேடி ஏன் அலைகிறீர்கள்? அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டிலேயே செய்து வைத்துவிட்டார். அவருடைய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவை இயலில் காட்சி (நேரே அறிதல்) நான்கு: வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. இன்பமும் துன்பமும் அராகம் முதலியவற்றால் உள்ளத்துக்குத் தெரிவது தன்வேதனைக் காட்சி. அராகம் என்றால் விருப்பம். நீங்கள் பேசும் ஈர்ப்பு அதுதானே.

ஆனால் மூன்றாவதை எடுத்துக்கொண்டு நான்காவதை விட்டுவிட முடியாது. அடியார் கண்டது யோகக் காட்சி. உங்களுக்கு வாய்க்கவில்லை என்பதால் அது இல்லாமல் போகாது.

---

உவர்மலையிலிருந்து:

அக்கா, தன்வேதனையை எடுத்துத் தந்ததற்கு நன்றி. அளவையியல் படிப்பித்த எனக்கு அது முதலில் தோன்றாதது வெட்கம்தான். ஆனால் இன்றைக்கு வேதனை என்றால் வலி ஒன்றுதான். 'தன்பாலீர்ப்பைத் தன்வேதனையால் அறிகிறார்' என்று எழுதினால், ஐயோ பாவம், நோவு என்றுதான் வாசிப்பார்கள். அந்த எண்ணத்தைக் கழற்றத்தானே இவ்வளவு பாடும். வரலாற்றுக் குறிப்பாகக் கீழே போடுவோம்.

நான்காவதை நான் விடவில்லை. சித்தியார் அதை எப்படி வரையறுக்கிறார் என்று பாருங்கள். இடத்தாலும் காலத்தாலும் இயல்பாலும் அகன்ற பொருள்களை இருந்தபடியே அறிவது. பொருள்கள் என்கிறார். அப்படியென்றால் அது உள்நிலை பற்றியதல்ல, புறத்தைப் பற்றியது. தன்வேதனையையும் யோகக் காட்சியையும் வேறு வேறாக வைத்தது நாத்திகர் இல்லை, அருணந்தியார்தான். தூரத்துப் பொருளை அறியலாம் என்றால் சோதிக்கலாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த பகுத்தறிவாளர் டாக்டர் கோவூர் 1963இல் ஒரு இலட்சம் ரூபா வைத்துக் கேட்டது இதைத்தான்: முத்திரையிட்டு மூடிய உறைக்குள் இருக்கும் பணநோட்டின் இலக்கத்தை வாசியுங்கள். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. உண்மையான யோகி பந்தயத்துக்கு வரமாட்டார் என்பீர்கள். இருக்கலாம். அப்போது அவர் கண்டது அவருக்கு மட்டும் சான்று, எனக்கு அல்ல.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும்போது கவனித்திருப்பீர்கள். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டே, தாயின் கிரியைக்காக இராவணன் குத்திய ஏழு கிணறு என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் (அறியும் வழிகளில்) இதற்கும் ஒரு பெயர் உண்டு, ஐதிகம். அங்கே தரும் உதாரணம், இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்வதை நம்புவது. தண்ணீர் சுடுகிறது என்பது வாயிற்காட்சி (பொறிகளால் அறிவது). குளித்தால் உடம்புக்குச் சுகமாக இருக்கிறது என்பது தன்வேதனை. மழைநீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது என்பது கருதல் (அனுமானம்). எரிமலை இல்லாமலே இது நடக்கும். ஒரே கிணற்றடியில் நாலு வகை அறிதல். வகுப்புக்கு நல்ல பாடம்.

தம்பி, யமன் பற்றிய ஆட்சேபத்தை ஏற்கிறேன். அகக்கூற்று நல்ல சொல். ஆனால் சோடியில் புறக்கூற்று வந்தால் 'புறங்கூறுதல்' பின்னாலேயே வரும், கோள் சொல்லுவதாகிவிடும். அகக்கூற்றைத் தனியாக எடுத்து, மற்றதற்கு 'புறப்பொருட்கூற்று' என்று நீட்டி வைக்கிறேன். இலக்கணக்காரர், போரைப் பாடும் புறப்பொருள் வெண்பாமாலையைக் காட்டி முறைக்கலாம். முறைக்கட்டும்.

கலைச்சொற் பட்டியலில் இப்போதைக்கு ஏறுபவை:

அகக்கூற்று – தன் உள்நிலையைப் பற்றி ஒருவர் தாமே சொல்வது. அந்நிலைக்கு முதற்சான்று, அதன் காரணத்துக்குச் சான்று அல்ல.

புறப்பொருட்கூற்று – சொல்பவருக்கு வெளியே உள்ளதைப் பற்றியது. சொன்னவரே எண்பிக்க வேண்டியது.

'எண்பிக்க' என்பதற்கு இந்தியாவில் உள்ள உறுப்பினர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். இலங்கையில் அதுதான் வழக்கு. அடைப்புக்குள் 'மெய்ப்பிக்க' என்றும் போட்டுவிடுகிறேன். 'பாலியல் நாட்டமா, பாலீர்ப்பா' என்பதை இதற்குள் இழுக்காமல் தனி இழையாகத் தொடங்குங்கள். நிலாவெளித் தம்பி தொடங்கினால் நல்லது.