தம்பி காலேஜ் செலவு, கணக்கு பார்த்து சொல்லுங்க ப்ளீஸ்

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், தம்பி இப்பதான் ப்ளஸ் டூ முடிச்சிருக்கான், கம்ப்யூட்டர்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். வீட்ல யாரும் டிகிரி முடிக்கல, நானே டிப்ளமோவோட நின்னுட்டேன். அதனால ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட் கிடைக்கும், ஆனா தம்பி 7வது வரைக்கும் பிரைவேட் ஸ்கூல்ல படிச்சதால அரசுப் பள்ளி பசங்களுக்கான 7.5 சதவீத கோட்டாவும் இல்ல, அரசு மாசாமாசம் தர்ற தமிழ்ப் புதல்வன் 1,000 ரூபாயும் இல்ல. அப்போ பெருமையா சேர்த்து விட்டோம், இப்போ கடிக்குது.

கவுன்சிலிங்ல பி.இ. போனா டியூஷன் ஃபீஸ்லதான் சலுகை, மத்ததெல்லாம் நாமதான் கட்டணும். நேத்து ஒரு காலேஜுக்கு நேர்ல போனேன், பஸ்ஸுக்கு மட்டும் வருஷம் 28,000னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி நீட்டுறாங்க, ரசீது கேட்டா சிரிக்கிறாங்க!

இன்னொரு வழி பாலிடெக்னிக். ப்ளஸ் டூ முடிச்சா நேரா ரெண்டாம் வருஷம், ரெண்டே வருஷத்துல டிப்ளமோ, அப்புறம் லேட்டரல்ல, அதாவது நேரா பி.இ. ரெண்டாம் வருஷம். செலவு கம்மிதான், ஆனா நாலு வருஷம் அஞ்சாயிடும், ஒரு வருஷ சம்பளம் போகுதே, அதையும் செலவாதானே எழுதணும்?

அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் ரொம்ப மலிவு, வீட்ல இருந்து டவுன் பஸ்தான். தபால் வழியில இக்னோ யுனிவர்சிட்டில பி.சி.ஏ. சேர்ந்துட்டு கடைக்கு வேலைக்கு வரட்டும்னு சித்தப்பா சொல்றாரு, அவர் கடைக்கு ஆள் வேணும், அதான் விஷயம்.

லேட்டரல்ல போனவங்க யாராவது இருந்தா, அதுல ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை கிடைச்சுதா, மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க. மேனேஜ்மென்ட் சீட்டு ஏஜென்ட்டுங்க தயவுசெஞ்சு இன்பாக்ஸ் வராதீங்க.