பொருள்: அப்பா பெயரில் நுழைவாயில் வளைவு கட்டுவது குறித்து

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

கீழத்தெரு முகப்பில் அப்பாவின் பெயரைப் பொறித்து அலங்கார வளைவு கட்ட வேண்டும் என்றும், அதற்கு 6 லட்சம் ரூபாய் ஆகும் என்றும், வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆளுக்கு 20,000 அனுப்ப வேண்டும் என்றும் தலைவர் அண்ணாச்சி எழுதிய மடலையும், அதற்கு வந்த மறுமடல்களையும் ஒன்றுவிடாமல் படித்தேன். அப்பாவுக்கு வருஷத் திதி வருவதற்கு முன்பே அவரை இப்படி நினைத்திருக்கிறீர்கள் என்பதில் எனக்கும் தம்பிக்கும் மனம் நிறைந்த நன்றி உண்டு. ஆனாலும் இந்த வளைவு வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டபோது நாம் திரட்டிய நிவாரணப் பணத்துக்குக் கணக்கு எங்கே என்று மஸ்கட் அத்தான் கேட்டிருந்தார். நல்ல காரியம் பேசும்போது கணக்கை இழுக்கலாமா என்று இரண்டு பேர் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அப்பா இருந்திருந்தால் அத்தான் பக்கம்தான் நின்றிருப்பார். வசூல் செய்தவர்கள் மேல் சந்தேகம் என்பதற்காக அல்ல. எழுதி வைக்காத கணக்கு நாளைக்குச் சண்டையாகத்தான் வந்து நிற்கும் என்பதை அவர் வேலையிலேயே கண்டவர்.

அரைக்கோட்டை விதைப்பாடு அளவுள்ள சின்ன வயலை நம்பி ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் பிறந்தவர் அவர். தாமிரபரணியிலிருந்து வரும் கன்னடியன் கால்வாயின் கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், கிடந்த வயல் அது என்பதால், மேல்மடைக்காரர்கள் பாய்ச்சி முடித்து, முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சி குரல் கொடுக்கும் வரைக்கும் நடுச்சாமத்தில் மண்வெட்டியோடு வரப்பில் குத்தவைத்துக் காத்திருந்துதான் பள்ளிக்கூடப் பாடத்தைப் படித்ததாகச் சொல்வார். 1980 நவம்பரில் ஊர்க் கணக்கையும் வரிவசூலையும் பார்த்த பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை அரசு ஒழித்ததும், 1982இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் நம் ஊரில் பலருக்கு அரசியல் செய்தி. அவருக்கோ அது வாழ்க்கையே திரும்பிய இடம். தேர்வாணையத் தேர்வு எழுதி, கிராம நிர்வாக அலுவலராகப் பக்கத்து ஊருக்குப் போனபோது, பயிர்க் கணக்கான அடங்கலும் நில உடைமைக் கணக்கான சிட்டாவும் இன்னும் பழைய கர்ணம் வீட்டு மரப்பெட்டிக்குள்தான் இருந்தன. அப்பா தெருவிலேயே நின்றார். அந்த வீட்டுப் பெரியம்மாதான், தன் கொழுந்தன்மார் முறைத்துக்கொண்டு நிற்கும்போதே, பெட்டியைத் திறந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து அவர் கையில் கொடுத்தார்களாம். அந்தப் பெரியம்மா காலமான அன்று அப்பா சாப்பிடவில்லை. காரணம் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் மூன்று நான்கு பேர் இருக்கிறீர்கள்.

மே மாதம், கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நெருங்கினால் எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் பாய் விரித்துக் கணக்குகள் பரப்பப்படும். நான் அடங்கலைப் பார்த்து "நூற்றுப் பன்னிரண்டில் மூன்று" என்று புல எண்ணைப் படித்தால், அவர் கண்ணை மூடியபடி "பூஜ்யம் பன்னிரண்டு ஐந்து, இருபோக நஞ்சை, பிசானப் பருவ நெல்" என்று பரப்பையும் பயிரையும் சேர்த்துச் சொல்வார். ஒரு முறைகூடத் தவறியதில்லை, ஏனென்றால் அந்த வயல்களை அவர் காலால் நடந்து பார்த்திருந்தார். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் மாறிப் பதிவாகியிருந்த பட்டாக்களைச் சரிசெய்யத் தாலுகா அலுவலகத்துக்கு அவர் எத்தனை நடை நடந்தார் என்பது, தாலியறுத்து நின்ற வடக்குத்தெரு ஆச்சிமார் இரண்டு பேருக்குத் தெரியும். ஒரு காப்பி வாங்கிக் குடித்தாரா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

அண்ணாச்சி, அடுத்ததை எழுதாமல் விட மனம் வரவில்லை. 1992 நவம்பர் 13 வெள்ளத்தில் அப்பா தயாரித்த நிவாரணப் பட்டியலில் சுவர் விழுந்த வீடுகள் மட்டுமே இருந்தன. பெரியப்பா வீட்டில் ஓடு சரிந்திருந்தது, சுவர் நின்றது. தன் தம்பியே அதிகாரியாக இருந்தும் தன் பெயர் வரவில்லையே என்ற கோபத்தில் பெரியப்பா ஒன்பது வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. சரிந்த ஓட்டை மாற்ற அப்பா தன் சம்பளத்திலிருந்து எடுத்துப்போன பணத்தையும் திண்ணையிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். 2001இல் என் கல்யாணத்துக்கு முதல் நாள், குலை தள்ளிய இரண்டு வாழை மரங்களைத் தன் தோட்டத்திலிருந்து வெட்டி வந்து, யாரிடமும் பேசாமல் பந்தல் காலில் பெரியப்பாவே கட்டினார்கள். அதைப் பார்த்து அப்பா அழுததை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். அந்தப் பழைய வருத்தத்துக்கு ஈடாகத்தான் பெரியப்பா குடும்பத்தின் சார்பில் நீங்கள் இந்த வளைவை நினைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால், அது அந்த வாழை மரத்தோடேயே தீர்ந்துவிட்டது அண்ணாச்சி. எங்கள் மனதில் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரையால் பார்வை போன பிறகு அப்பா ஊரைவிட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கவில்லை. ஷார்ஜாவுக்கு வாருங்கள் என்று நான் எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. கட்டிலிலிருந்து பின்கட்டு வரை இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டி, தென்னை நார் கையை உறுத்தக்கூடாது என்று தன் பழைய வேட்டியைக் கிழித்து அதன் மேல் சுற்றியிருந்தார். ஐந்தடிக்கு ஒரு முடிச்சு. இரட்டை முடிச்சு வந்தால் அடுத்தது படி. அம்மா கடைசி நாள் வரை யார் கையையும் பிடிக்காமல் நடந்தார்கள். அந்தக் கயிற்றை நாங்கள் இன்னும் அவிழ்க்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டை அத்தை தை மாதம் ஊருக்குப் போனபோது கண்டதை என்னிடம் சொல்லி அழுதார்கள். நம் கடைமடை ஷட்டரை ஏற்றி இறக்கும் திருகுகம்பியைக் காணோமாம், பலகை துருப்பிடித்து ஓட்டை விழுந்து, மணல் மூட்டையை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். வருகிற தண்ணீர் ஓடையில் போய் விழ, பால் பிடிக்க வேண்டிய பிசான நெல் பத்துப் பதினைந்து வயலில் மணி பிடிக்காமல் சாவியாகிக் கிடக்கிறதாம். அப்பா மண்வெட்டியோடு காத்துக் கிடந்த வயலும் அதில் ஒன்று. அந்த மடைக்குப் போகிற வழியில் அவர் பெயரை விளக்குப் போட்டு நிறுத்தினால், அதன் கீழே நடந்துபோக என்னால் முடியாது.

ஆகவே முதலில் 2023 வரவு செலவைக் குழுவில் போடுங்கள். மீதம் இருப்பதோடு இப்போது திரட்டுவதையும் சேர்த்து, நீர்வளத் துறையில் முறைப்படி அனுமதி வாங்கி, அடுத்த கார் பருவச் சாகுபடிக்கு அணை திறப்பதற்கு முன் அந்த மடையைச் சரிசெய்வோம். பெயர்க்கல் எதுவும் வேண்டாம். என் பங்கும் தம்பி பங்கும் சேர்த்து 40,000 ரூபாயை, கணக்கு வந்த மறுநாள் அனுப்பிவிடுகிறேன். விடுப்பில் வரும்போது அலுவலகத்துக்கு அலைய நானே தயார்.

அப்பாவின் குறிப்பேட்டில் அந்த மடையை அவரே நாடா பிடித்து அளந்த பக்கம் இருக்கிறது. அகலம் 2 அடி 3 அங்குலம், பலகை உயரம் 3 அடி, திருகுகம்பி 6 அடி என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் படமும் வரைந்திருக்கிறார். படம் எடுத்து இத்துடன் இணைத்துள்ளேன். பட்டறையில் விலை கேட்க அது போதும்.

அன்புடன்,
கீழத்தெரு வி.ஏ.ஓ. வீட்டு மூத்த மகள்,
ஷார்ஜா