மாணவியர் கிளைத் தலைவர் தேர்தல்: உரைக்கு ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பெண் பொறியாளர் சங்கத்தின் எங்கள் கல்லூரி மாணவியர் கிளையில் அடுத்த ஆண்டுக்கான தலைவர் பொறுப்புக்குப் போட்டியிடுகிறேன். பொருளாளராக இருந்து நிதி திரட்டுவதையும் கணக்குகளையும் கவனித்து வந்ததால் பணியின் உள்விவரங்கள் எனக்குத் தெரியும். ஆனால் வாக்களிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலாமாண்டு மாணவியர் என்பதால், வரவுசெலவுப் பேச்சு அவர்களுக்குச் சலிப்பையே தரும் என்று கருதுகிறேன். 1950இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இச்சங்கத்தின் முதல் தலைவர் பியாட்ரிஸ் ஹிக்ஸைக் குறிப்பிட்டு உரையைத் தொடங்கலாமா, அல்லது மூத்தவர்கள் இளையவர்களுக்கு வழிகாட்டும் திட்டம், நிறுவனங்களில் உள்ளகப் பயிற்சி பெற உதவி ஆகியவற்றை நேரடியாக முன்வைப்பதே பயன் தருமா? என்னை எதிர்த்துப் போட்டியிடுபவர் நெருங்கிய தோழி (இதுவே பெரிய சங்கடம்). அவரைக் குறைத்துப் பேசாமல் என் தகுதியை எடுத்துரைக்கும் விதத்தை, இத்தகைய தேர்தலில் நின்றவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். பேசுவதற்கு மூன்று நிமிடங்களே உண்டு.