புதுப்பிப்பு: சித்தப்பாவுக்கு வந்தது வெயில் மயக்கம் அல்ல

ஒட்டுசுட்டானில் வயலில் நின்ற சித்தப்பாவுக்கு வாய் கோணி, வலது கை சோர்ந்து, சிறிது நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, என்ன செய்யலாம் என்று முன்னர் கேட்டிருந்தேன். "வெயில்தான், இளநீர் கொடுங்கள்" என்றவர்களுக்கும் நன்றி. வைத்தியர் சொன்னதோ தற்காலிகப் பாரிசவாதம்.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயைச் சிறு இரத்தக்கட்டி சற்று நேரம் அடைத்துவிட்டுக் கரைந்துபோகிறது. அதனால்தான் சி.டி. ஸ்கானில் எதுவும் தெரியவில்லை. ஈ.சி.ஜி.தான் காட்டிக்கொடுத்தது: இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கின்றன, அங்கே தேங்கி உறையும் இரத்தம் மூளைக்குப் போய்விடுகிறது. இப்போது இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் குளிசை. இரத்தம் உறையும் வேகத்தைக் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறார்கள். குளிசைக்குச் சம்மதித்த மனிதர் புகையிலையை விடத்தான் முரண்டு பிடிக்கிறார்.

உடனே அஸ்பிரின் கொடுத்திருக்கலாமே என்று கேட்ட தம்பிக்கு: மூளைக்குள் இரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கானில் தெரியும்வரை நாமாகக் கொடுக்கக்கூடாது.

முழுப் பாரிசவாதம் வரும் ஆபத்து முதல் 48 மணித்தியாலங்களில்தான் மிக அதிகம். சரியாகிவிட்டது என்று வீட்டில் இருத்திவைக்காமல், இலங்கையின் அவசர அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை.