ஃபிகர் எயிட் சந்தேகம்: சாதாரண எட்டா, காது வைத்த எட்டா? கயிறு முறுக்கிக்கொள்கிறது, விளிம்பில் பூட்டிக்கொள்கிறது

காரைக்குடி_பாறை:
வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கண்மாயை ஒட்டிய கருங்கல் பாறையில் நாலு பேர் ரேப்பலிங் (கயிற்றில் இறங்குவது) பழகுகிறோம். பட்டா நிலம், உரிமையாளர் அனுமதி இருக்கிறது. இறக்கம் 15 மீட்டர். கயிறு 10.5 மி.மீ. ஸ்டாட்டிக் (அதிகம் நீளாத வகை), 40 மீட்டர், புதுசு. மேலே தனித்தனியாக இரண்டு ஆங்கர் (கயிறு கட்டும் பிடிப்பு). விளிம்பில் மடித்த சாக்கு போட்டிருக்கிறோம்.

கையில் இரண்டு எட்டு (ஃபிகர் எயிட், அதாவது கயிறு கோத்து இறங்கும் 8 வடிவ உலோகச் சாதனம்) இருக்கிறது. ஒன்று சின்ன அலுமினிய எட்டு, 100 கிராம் சுமார். இன்னொன்று காது (பெரிய வளையத்தின் வெளிப்பக்கம் துருத்தும் கொம்பு) வைத்த பெரிய ரெஸ்க்யூ எட்டு, அதுவும் அலுமினியம்தான். பிரச்சினைகள்:

நாலைந்து முறை இறங்கியதும் கீழே கிடக்கும் கயிறு தேன்குழல் மாதிரி சுருண்டுகொள்கிறது. இரண்டு எட்டிலும் இதே கதை.

சின்ன எட்டில் விளிம்பு தாண்டும்போது கழுத்தில் (இரண்டு வளையங்களுக்கும் நடுவில்) கிடக்கும் கயிறு மேலே வழுக்கி, பெரிய வளையத்தின் தலையில் இறுகி நின்றுவிடுகிறது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

48 கிலோ ஆளுக்கு நகரவே மாட்டேன் என்கிறது. 92 கிலோ ஆளுக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது.

கை, கயிறு எல்லாம் கறுப்பாகிறது.

குளிர்காலத்தில் மேகாலயா குகைகளுக்குப் போகிறோம். டிசெண்டர் (இறங்கும் சாதனம்) அவரவர் கொண்டுவர வேண்டுமாம். இதில் எதை எடுத்துப்போவது?

தேவகோட்டை_கயிறு:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: குகைக்கு இரண்டும் வேண்டாம். ஏன் என்று கண்டனூர்க்காரர் வந்து சொல்வார், அது அவர் பேட்டை. நான் பாறையைப் பற்றிப் பேசுகிறேன்.

முறுக்கு. எட்டில் கயிறு ஒரே தளத்தில் ஓடுவதில்லை. பெரிய வளையத்துக்குள் நுழைந்து, கழுத்தைச் சுற்றி, குறுக்கே திரும்பி வெளியே வருகிறது. ஒவ்வொரு மீட்டர் கயிறும் தன் அச்சில் கொஞ்சம் உருண்டுதான் வெளியேறும். அந்த உருட்டல் கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. கீழ்முனை சும்மா தொங்கினால் அது சுழன்று முறுக்கைக் கழித்துவிடும். உங்களுக்கு 15 மீட்டர் இறக்கத்துக்கு 40 மீட்டர் கயிறு. மீதி 25 மீட்டர் தரையில் குவிந்து கிடக்கிறது, முறுக்கு வெளியேற வழியே இல்லை. கீழே பையில் போட்டு வைத்தாலும் இதேதான்.

செய்ய வேண்டியது: கீழே 17 மீட்டர் மட்டும் விடுங்கள். தரையைத் தொட்டு இரண்டு மீட்டர் கிடந்தால் போதும். மீதியை மேலே ஆங்கர் பக்கத்தில் பையில் வையுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆங்கரில் கயிற்றைச் செத்த முடிச்சாகப் போடாமல், பாரத்தோடு அவிழ்க்கக்கூடிய மன்டர் மியூல் முடிச்சில் கட்டினால், நடுவில் யாராவது மாட்டிக்கொள்ளும்போது மேலே உள்ள மீதிக் கயிற்றை விட்டே அவரைத் தரைக்கு இறக்கிவிடலாம். அப்படிக் கட்டும்போது மியூல் முடிச்சுக்கு மேல் ஒரு காப்பு முடிச்சும், பைக்குள் போகும் கயிற்றின் கடைசி முனையில் ஒரு முடிச்சும் கட்டாயம்.

புதுக் கயிற்றைச் சுருளிலிருந்து எப்படிப் பிரித்தீர்கள் என்பதும் முக்கியம். சுருளைத் தரையில் படுக்கப்போட்டு மேலிருந்து உருவியிருந்தால் சுற்றுக்கு ஒரு முறுக்கு அப்போதே ஏறியிருக்கும். முழு நீளத்தையும் தொங்கவிட்டு மேலிருந்து கீழாகக் கையால் நீவி எடுங்கள். இறங்கும்போது பிரேக் கயிற்றை, அதாவது எட்டுக்குக் கீழே கையில் பிடிக்கும் பகுதியை, பக்கவாட்டில் அகட்டி இழுக்காமல் இடுப்புக்குக் கீழே நேராகப் பிடித்தாலும் முறுக்கு குறையும். அறவே போகாது. அது எட்டின் பிறவிக் குணம்.

தேவகோட்டை_கயிறு:
இரண்டாவது பிரச்சினைதான் ஆபத்தானது, அதனால் தனியாக எழுதுகிறேன்.

கழுத்தில் இருக்க வேண்டிய மடிப்பு மேலேறி வளையத்தின் தலையில் சுருக்கு விழுகிறது. காதுகள் இருப்பதே இதைத் தடுக்கத்தான். பலர் நினைப்பதுபோல் பலத்துக்காக இல்லை. சின்ன எட்டே 25 கிலோநியூட்டன் (சுமார் 2,500 கிலோ பாரம்) அளவில் தாங்கும். உங்கள் 92 கிலோ ஆள் சும்மா தொங்கினால் ஒரு கிலோநியூட்டன்கூட வராது.

இது எப்போது நடக்கும்? ஒன்று, விளிம்பில் உட்கார்ந்து கயிறு தொய்ந்துபோய், பிறகு சட்டென்று பாரம் ஏறும்போது. இரண்டு, கழுத்தைச் சுற்றும் மடிப்பு பாறைப் பக்கம் இருந்தால் விளிம்பு அதை மேலே தள்ளிவிடும். எனவே மடிப்பு உங்களைப் பார்த்து, மேல்பக்கமாக இருக்கும்படி மாட்டுங்கள். ஆங்கர் தரையோடு தரையாக இருந்தால் சிரமம்தான். மார்பு உயரத்தில் கட்ட இடம் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். உட்காராமல், நின்றபடியே கயிற்றை இறுக்கி, முழு எடையையும் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் சாயுங்கள்.

பூட்டிக்கொண்டால் விடுவிக்கும் முறை: பதற வேண்டாம், பூட்டிய எட்டு கீழே விடாது. பிரேக் பக்கக் கயிற்றில் உங்களுக்குக் கீழே ஒரு தடுப்பு முடிச்சு போடுங்கள். எட்டுக்கு மேலே இறுகி நிற்கும் கயிற்றில் 6 மி.மீ. கார்டால் (மெல்லிய கயிறு) மூன்று சுற்று புருசிக் (பாரம் ஏறினால் கயிற்றை இறுகப் பிடிக்கும் முடிச்சு) கட்டுங்கள். அதில் ஒரு நீள ஸ்லிங்கை (நாடா வளையம்) கால் வைக்கும் வளையமாகத் தொங்கவிடுங்கள். இன்னொரு ஸ்லிங்கால் புருசிக்கை ஹார்னஸோடும் (இடுப்பில் கட்டும் பட்டை) இணைத்துவிடுங்கள். கால் வளையத்தில் எழுந்து நின்றால் எட்டின் மேல் பாரம் போய்விடும். அந்த நேரத்தில் சுருக்கைத் தளர்த்தி வளையத்தின் தலைக்கு மேலாகக் கழுத்துக்கு இறக்குங்கள். பிரேக் கயிற்றில் தொய்வை எடுத்துக்கொண்டு மெதுவாக உட்காருங்கள். எட்டு பாரம் பிடித்ததைப் பார்த்த பிறகே புருசிக், கடைசியாகத் தடுப்பு முடிச்சு. இதைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பழகாத யாரையும் சின்ன எட்டோடு விளிம்புக்கு அனுப்பாதீர்கள்.

புதுவயல்_மீனா:
எடை விஷயத்துக்கு நான் சொல்கிறேன். எட்டின் உரசல் முக்கியமாகக் கயிறு எத்தனை பாகை வளைகிறது என்பதைப் பொறுத்தது. வளையம் பெரிசா சிறிசா என்பது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஆனால் புது ஸ்டாட்டிக் விறைப்பாக இருக்கும். சின்ன எட்டுக்குள் மடங்கவே அது முரண்டு பிடிக்கும். 48 கிலோ ஆள் நகராததற்குப் பாதிக் காரணம் அதுதான். கயிற்றைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள், கொஞ்சம் இளகும். அவருக்குப் பெரிய எட்டைக் கொடுங்கள். கழுத்தைச் சுற்றாமல் மடிப்பை நேராகக் காரபினரில் (கதவு வைத்த உலோகக் கொக்கி) மாட்டும் முறையும் உண்டு, உரசல் வெகுவாகக் குறையும். ஆனால் பழகுநர் கையில் அதைக் கொடுக்க மாட்டேன்.

92 கிலோ ஆளுக்கு: முதன்மைக் காரபினரிலேயே இன்னொரு பூட்டுக் காரபினரை மாட்டி, எட்டிலிருந்து கீழே வரும் பிரேக் கயிற்றை அதன் வழியாகவும் விடுங்கள். கை மேலே போனால் உரசல் கூடும், கீழே வந்தால் குறையும். பாதி வழியில் வேகம் கூடிய பிறகு இதை மாட்ட முடியாது. புறப்படும் முன்பே மாட்டியிருக்க வேண்டும்.

இருவருக்குமே எட்டுக்குக் கீழே ஆட்டோபிளாக் (கையை விட்டால் தானே இறுகும் சுற்று முடிச்சு) கட்டாயம். 6 மி.மீ. கார்டு, நாலைந்து சுற்று, ஹார்னஸின் பிலே லூப்பில் (முன்பக்க நாடா வளையம்). எட்டை 60 செ.மீ. ஸ்லிங்கில் நீட்டி மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஆட்டோபிளாக் எட்டைப் போய் முட்டி, பிடிக்காமல் வழுக்கும். அதன் கூடவே கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்கட்டும். வேகம் எடுத்தால் அவர் இழுத்தாலே எட்டு நின்றுவிடும். கல் விழும் நேர்கோட்டில் மட்டும் நிற்கக் கூடாது.

காரைக்குடி_பாறை:
நன்றி அக்கா. நாங்கள் எட்டை நேராக பிலே லூப்பில்தான் மாட்டுகிறோம். கறுப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே?

தேவகோட்டை_கயிறு:
கறுப்பு அலுமினியத் துகள். வண்ணப் பூச்சு தேய்ந்ததும் உள் உலோகம் உரசிக் கயிற்றில் ஒட்டுகிறது. கயிற்றின் பலத்துக்குக் கெடுதல் இல்லை. நம் ஊரில் கவலைப்பட வேண்டியது செம்மண். அது கயிற்று இழைகளுக்குள் போய் உப்புத்தாள் போல எட்டை அறுக்கும், கயிற்றையும் உள்ளிருந்து அறுக்கும். தார்ப்பாய் விரிக்காமல் கயிற்றைத் தரையில் போடாதீர்கள். பெரிய வளையத்தின் உட்புறத்திலும் கழுத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் விளிம்பு வந்திருந்தாலோ, பள்ளம் ஒரு மி.மீ. ஆழம் போயிருந்தாலோ எட்டு ஓய்வுக்குப் போகட்டும். அரம் போட்டுத் தேய்த்துத் திரும்பப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். துருப்பிடிக்காத எஃகு எட்டு மெதுவாகத்தான் தேயும். ஆனால் எஃகின் அடர்த்தி அலுமினியத்தைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இடுப்பில் அந்தக் கனம் தெரியும்.

சூடும் உண்டு. வேகமாக இறங்கிச் சட்டென்று நின்றால் சூடான உலோகம் கயிற்றின் ஒரே இடத்தில் படிந்து நிற்கும். நைலான் 6 உருகுவது 220 டிகிரி செல்சியஸ் அளவில், மேலுறை பளபளப்பது அதற்கு முன்பே தொடங்கிவிடும். தரையைத் தொட்டதும் எட்டைக் கழற்றிவிடுங்கள்.

கண்டனூர்_செம்பூரான்:
குகைக் கேள்விக்கு வருகிறேன். மேகாலயாக் குகைகளில் பெரும்பாலானவை படுக்கையாகப் போகும் ஆற்றுக் குகைகள். ஆனால் சிலவற்றில் வாசலே செங்குத்துக் குழிதான். அங்கே ஒற்றைக் கயிறு, ஈரம், சேறு, நடுவழியில் இடைக்கட்டுகள். கயிறு பாறையில் உரசாமல் இருக்க வழியில் மறுபடி ஆங்கர் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு இடைக்கட்டிலும் மேல் கயிற்றிலிருந்து டிசெண்டரைக் கழற்றிக் கீழ்க் கயிற்றில் மாட்ட வேண்டும். எட்டைக் கயிற்றிலிருந்து எடுக்க அதை ஹார்னஸிலிருந்தே கழற்ற வேண்டும். சேற்றுக் கையுறையோடு, இருட்டில். விழுந்தால் போச்சு.

பாபின் என்பது இரண்டு உருளைகளைச் சுற்றிக் கயிறு ஓடும் டிசெண்டர். அதில் பக்கத் தகடு மட்டும் திறக்கும், சாதனம் இடுப்பிலேயே இருக்கும். கயிறு ஒரே தளத்தில் வளைந்து ஓடுவதால் முறுக்கும் கிட்டத்தட்ட இல்லை. பெட்ஸில் நிறுவனத்தின் சிம்பிள், ஸ்டாப் இரண்டும் இந்த வகை. ஸ்டாப்பில் கைப்பிடியை விட்டால் நிற்கும். பயத்தில் இறுக்கிப் பிடித்தால் இறங்கும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆழம் கூடினால் ரேக், அதாவது குறுக்குக் கம்பிகளில் கயிறு ஓடும் டிசெண்டர். காரணம் எளிது: 10 மி.மீ. ஸ்டாட்டிக் மீட்டருக்கு 65 கிராம் சுமார். 100 மீட்டர் குழியின் வாயில் நிற்கும்போது உங்களுக்குக் கீழே தொங்கும் ஆறரைக் கிலோ கயிறே பிரேக் போட்டுவிடும். நகரவே கஷ்டம். இறங்க இறங்க அந்த எடை குறைந்து, அடியில் வேகம் கூடும். ரேக்கில் மேலே கம்பிகளைக் குறைத்துத் தொடங்கி, கீழே போகப்போகக் கூட்டிக்கொள்ளலாம். எட்டில் நடுவழியில் அப்படிக் கூட்டிக் குறைக்க வழி கிடையாது. அருவி இறங்குகிறவர்கள் எட்டை விரும்புவது வேறு கணக்கு. அங்கே தண்ணீருக்குள் விழுந்ததும் கயிறு சீக்கிரம் கழல வேண்டும்.

பள்ளத்தூர்_சுப்பு:
அண்ணே, நடுவில் ஒரு கேள்வி. எங்கள் பழைய வீட்டுக் கிணறு தூர்வார வேண்டும். இந்தக் காது எட்டில் இறங்கலாமா?

கண்டனூர்_செம்பூரான்:
கூடாது. எட்டு இறங்கத்தான், ஏற்றாது. மூடிக் கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும். ஆக்சிஜன் சாதாரணமாக 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. விளக்கை விட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள், நச்சு வாயு இருந்தாலும் திரி எரியும். வாயு மீட்டர், முக்காலி, மேலிருந்து தூக்கும் வின்ச் வைத்திருக்கும் ஆட்களைக் கூப்பிடுங்கள். மயங்கினவரை எடுக்க இன்னொருவர் பின்னாலேயே இறங்குவதில்தான் இரண்டாவது உயிர் போகிறது.

காரைக்குடி_பாறை:
அப்படியானால் பாறைக்குக் காது எட்டு, குகைக்குப் பாபின். சின்ன எட்டை என்ன செய்வது?

புதுவயல்_மீனா:
மேலே ஆங்கர் உயரமாகவும் விளிம்பு உருண்டையாகவும் இருக்கும் இடத்தில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கீழே விழாமல் மாட்டும் முறையில் மட்டும் மாட்டுங்கள்: முதலில் பெரிய வளையத்தைக் காரபினரில் மாட்டுங்கள். மடிப்பை அதற்குள் விட்டுச் சின்ன வளையத்தின் மேலாகக் கழுத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது எட்டைக் கயிறே பிடித்துக்கொள்ளும். பிறகு காரபினரைப் பெரிய வளையத்திலிருந்து எடுத்துச் சின்ன வளையத்தில் மாட்டிப் பூட்டுங்கள். இதெல்லாம் விளிம்பில் தனி ஸ்லிங்கில் உங்களைக் கட்டிக்கொண்ட பிறகு. எட்டு காரபினரின் கதவு மேல் குறுக்கே கிடக்கிறதா என்று பாரம் கொடுக்கும் முன் ஒரு பார்வை. நெம்புகோல் மாதிரி அழுத்திக் கதவை உடைத்துவிடும்.

கண்டனூர்_செம்பூரான்:
பாபின் வந்ததும் அதே பாறையில் 5 மீட்டர் இறக்கத்துக்கு நடுவில் ஒரு ஆங்கர் போட்டு இடைக்கட்டு தாண்டப் பழகுங்கள். கையுறையோடு, கயிற்றை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு. கயிற்றில் ஏறுவதற்கான கை ஏற்றியும், கிரால் எனும் மார்பு ஏற்றியும் வாங்கியாயிற்றா? நீங்கள் சொன்ன சாமான்களில் அதைக் காணோம்.

காரைக்குடி_பாறை:
இல்லை அண்ணே. அதற்குத் தனிப் பதிவு போடுகிறேன்.