மருத்துவத் தகவலியல்: மாணவர் கற்றதை எப்படி மதிப்பிடுவது?

வணக்கம் நண்பர்களே. மருத்துவ மாணவர்களுக்கு உயிர்மருத்துவத் தகவலியல், அதாவது மருத்துவத் தரவுகளைக் கணினி வழியே கையாளும் பாடம், எடுக்கிறேன். மதிப்பீட்டில் உங்கள் உதவி வேண்டும்.

ஐசிடி (நோய்களை வகைப்படுத்தும் குறியீட்டு முறை), ஸ்னோமெட் (மருத்துவப் பதிவுகளுக்கான விரிவான கலைச்சொல் தொகுப்பு) இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்துத் தேர்வில் எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஒரு மென்பொருளின் எச்சரிக்கையை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். 100 பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்று வையுங்கள். நோய் உள்ளவர்களில் 90% பேரையும் இல்லாதவர்களில் 90% பேரையும் மென்பொருள் சரியாகச் சொல்கிறது. அது ‘உண்டு’ என்றால், உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு சுமார் 8% தான். பலர் 90% என்றே நினைக்கிறார்கள். நாளை நோயாளி முன் உட்காரப் போகிறவர்களுக்கு இது தெளிவாகியே தீர வேண்டும்.

அதனால் ஆஸ்கி தேர்வில் (மாணவர்கள் நிலையம் நிலையமாகச் சென்று செய்து காட்டும் செய்முறைத் தேர்வு) ஒரு நிலையம் சேர்க்க நினைக்கிறேன். மின்னணுப் பதிவேட்டில் மருந்து ஒவ்வாமை எச்சரிக்கை வரும். மாணவர் அதை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவெடுத்து, நோயாளியாக நடிப்பவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். தரவுக்கு சிந்தியா என்ற மென்பொருள் உருவாக்கும் செயற்கைப் பதிவுகள் போதும், அந்தரங்கச் சிக்கல் வராது.

இப்படி யாராவது நடத்தியிருக்கிறீர்களா? திரையைப் பார்த்தபடியே பேசினால் மதிப்பெண் குறைப்பீர்களா? மதிப்பெண் அட்டவணை இருந்தால் பகிருங்கள். அப்புறம், பப்மெட்டில் (மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம்) மாணவர் தேடுவதை மதிப்பிடும்போது, கிடைத்த கட்டுரைகளை மட்டும் பார்ப்பதா, தேடிய படிகளையும் பார்ப்பதா?