சீலிங் பேந்து விழுது, கம்பி துரு: மேல பூசிட்டா போதுமா?

கேள்வி:
திருவான்மியூர்ல கடல் பக்கம் எங்க ஃபிளாட், 1994ல கட்டினது. செவ்வாக்கிழமை ராத்திரி பெட்ரூம் சீலிங்ல இருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பாளம் கட்டில் மேலயே விழுந்துச்சு, நல்லவேளை பாட்டி அன்னிக்கு ஹால்ல படுத்திருந்தாங்க. மேல நாலு கம்பி தெரியுது, தொட்டா துரு செதில் செதிலா வருது. மேஸ்திரி கொத்திட்டு சிமெண்ட் பூசி பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்ங்குறாரு. போதுமா? வீட்ட காலி பண்ணணுமா?

பதில் 1:
வெறும் பூச்சு வேணாங்க, திரும்ப விழும். இரும்பு துருவா மாறினா ரெண்டுல இருந்து ஆறு மடங்கு இடம் அடைக்கும், அந்த நெருக்கல்லதான் கவர், அதாவது கம்பிய மூடியிருக்க கான்கிரீட், பேந்து வருது. முதல்ல அந்த ரூம்ல யாரும் படுக்காதீங்க, ஜாக்கி முட்டுக்கொடுங்க. ஒரு இன்ஜினியர கூட்டிட்டு வந்து சின்ன சுத்தியலால சீலிங் பூரா தட்டிப் பாக்கச் சொல்லுங்க, உள்ள வெத்தா பொத்துனு சத்தம் கேக்குற இடத்த சாக்பீஸ்ல வட்டம் போட்டுக்கங்க. விழுந்த பாளத்துல பூச்சக் கழிச்சு ஸ்கேல் வெச்சுப் பாருங்க, அதான் உங்க கவர். ஐஎஸ் 456:2000ங்குற இந்திய கான்கிரீட் தரவிதிப்படி கடலோரத்துல உப்புக்காத்துக்கு மறைவா இருக்க கான்கிரீட்டுக்கே 30 மிமீ வேணும். புதுசா உடைச்ச இடத்துல காரத்தக் காட்டுற பினாப்தலீன் திரவம் அடிச்சா ரோஸ் கலர் வரணும், வரலைன்னா கம்பியக் காப்பாத்துற கான்கிரீட்டோட காரம் போயிடுச்சு. ஆனா உப்பு அதுல தெரியாது, ரோஸ் வந்தும் கம்பி துரு பிடிச்சிருக்கலாம், அதனால டிரில் போட்டு தூள் எடுத்து உப்ப அளக்குற குளோரைடு டெஸ்ட்டும் பண்ணிடுங்க.

பதில் 2:
நாங்க வீட்ல இருந்துக்கிட்டேதான் பண்ணோம், ஒவ்வொரு ரூமா. வாசப்படிக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியும் தூசி அரிசி டப்பா வரைக்கும் போச்சு, சத்தத்துக்கு நேரம் பேசி வெச்சுக்கங்க. கம்பிக்குப் பின்னாடி விரல் நுழையுற அளவுக்கு கொத்தச் சொல்லுங்க, முன்பக்கம் மட்டும் தேய்ச்சா பிரயோஜனமே இல்ல. பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ச்சு, ஜிங்க் பிரைமர் அடிச்சு, பாலிமர் கலந்த சிமெண்ட் கலவைய அடுக்கு அடுக்கா வெச்சாங்க. ஒரு 8 மிமீ கம்பி பென்சில் லெட் மாதிரி ஆயிருந்துச்சு, பக்கத்துலயே புதுக்கம்பி ஓவர்லேப் விட்டு கட்டினாங்க. எங்களுக்கு மூல காரணம் மேல்வீட்டு பாத்ரூம்ல தண்ணி வெளிய போற டிராப்போட லீக், அத முதல்ல நிறுத்தாம கீழ எதுவும் தொடாதீங்க.

பதில் 3:
உப்பு ஏறின கான்கிரீட்ல ஒட்டு போட்டா ஒட்டைச் சுத்தி இருக்க பழைய பகுதி இன்னும் வேகமா துரு பிடிக்கும், அதனால துரு இல்லாத கம்பி தெரியுற வரைக்கும் கொத்தணும். ஒட்டோட ஓரத்துல கம்பியில ஜிங்க் ஆனோடு, அதாவது கம்பிக்குப் பதிலா தான் கரையுற துத்தநாகக் கட்டி, கட்டுவாங்க, இன்ஜினியர்கிட்ட கேளுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. இன்னிக்கு காலைல தட்டிப் பாத்தோம், பாத்ரூம் சுவரு வரைக்கும் பொத்து சத்தம்தான். விழுந்த பாளத்துல பூச்சக் கழிச்சா கவர் 12 மிமீதான். ஜாக்கி வந்தாச்சு, பாட்டி ஹால்லயே இருக்காங்க, சாயங்காலம் மேல்வீட்டுக்காரங்ககிட்ட பேசப் போறேன்.